வழமைக்கு மாறாக ஒன்றுமில்லை

அவனிடம் எதைக் கேட்டாலும் முதலில் வருவது "ஒண்டுமில்லை அண்ணை" என்ற பதில்தான். காய்ச்சல் நூற்றிரண்டுக்கு ஏறினாலும் ஒண்டுமில்லை. படியில் சறுக்கி விழுந்தாலும் ஒண்டுமில்லை. சுவிஸில் நாங்கள் இருக்கும் லாங்கன்தால் பக்கத்துப் பேச்சு ஜெர்மனில் அதற்குச் சரிநிகரான சொல் "நூட்". வேலையிடத்தில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது "இஷ் நூட்" என்று சொல்லிக்கொண்டு திரிவான். சுவிஸ்காரர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஆட்கள் அதை நல்ல வளர்ப்பு என்றார்கள். ஒரே பொய்க்கு இரண்டு மொழிகள் இவ்வளவு மரியாதை கொடுத்ததை நான் வேறெங்கும் காணவில்லை.

பன்னிரண்டு வயதில் ஊரிலிருந்து சுவிஸுக்கு, தகப்பனிடம் வந்து சேர்ந்தவன். அதற்கு முந்திய ஆண்டுகளில் தாய் தொலைபேசிக் கடைக்குப் போய்த் தகப்பனுடன் கதைக்கும்போது இவனும் பக்கத்தில் நிற்பானாம். ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்த காலம். "அங்க என்ன மாதிரி?" என்று தகப்பன் கேட்பார். "இஞ்ச ஒண்டுமில்லை, நீங்கள் யோசிக்காதேங்கோ" என்பார் தாய். இதை அவன் எனக்கு ஒரு பகிடியாகத்தான் சொன்னான். "அம்மா அதைச் சொல்லேக்க எங்கட வீட்டுக்குக் கூரை இல்லை அண்ணை."

நான் அவன் குடியிருந்த அதே கட்டடத்தில் மூன்றாம் மாடி. அவன் முதலாம் மாடி. வயதைப் பார்த்தால் என்னை மாமா என்று அழைத்திருக்க வேண்டும். வந்த நாள் தொட்டு அண்ணை என்றான். நான் திருத்தவில்லை. என் வாழ்க்கையில் நான் திருத்தாமல் விட்ட மிகச் சில விடயங்களில் அதுவும் ஒன்று.

ஓய்வு பெறும்வரை விபத்துக் காப்புறுதி நிறுவனமொன்றில் கோப்புப் பார்த்தவன் நான். மனிதருக்கு நடக்கும் கேடுகளை விபத்து, விபத்தல்லாதது என்று இரண்டு அடுக்காகப் பிரித்து வைப்பது என் தொழில். சட்டத்தில் அதற்கு ஒரு வரைவிலக்கணம் உண்டு. திடீரென்று நடக்க வேண்டும், வேண்டுமென்று நடக்கக் கூடாது, வெளியிலிருந்து வரவேண்டும், எல்லாவற்றிலும் முக்கியமாக, வந்தது வழமைக்கு மாறானதாக இருக்க வேண்டும். இந்த நாலாவதில்தான் பாதிக் கோப்புகள் செத்துப்போகும். ரொட்டியைக் கடித்துப் பல் உடைந்தால் விபத்தல்ல, ரொட்டிக்குள் கல் கிடந்தால் விபத்து. இப்படியான ஒரு சட்டத்தோடு முப்பது ஆண்டு வாழ்ந்த ஒருவன் பிறகு எதைப் பார்த்தாலும் கல் இருக்கிறதா என்றுதான் தேடுவான்.

அவன் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பழகிய காலத்தில் கூடப் பழகிய பையன்களோடு அமெரிக்கக் கால்பந்துக் குழுவொன்றில் சேர்ந்தான். எங்கள் ஆட்களில் அந்த விளையாட்டுக்குப் போனவர்கள் மிகக் குறைவு. கிரிக்கெட் ஆடு, கால்பந்து ஆடு, உதென்ன முட்டைப் பந்து என்று தகப்பன் ஏசினார். ஆள் மெலிவு. ஆனால் ஓட்டமென்றால் அப்படியொரு ஓட்டம். அதனால் அவனை ஒரேயொரு வேலைக்கு மட்டும் வைத்திருந்தார்கள். கிக்-ஓஃப்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆட்டத்தின் ஒவ்வொரு பாதியும் தொடங்கும்போதும் ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் ஒரு அணி பந்தைத் தூர உதைக்கும். எதிரணியில் ஒருவன் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடிவருவான். உதைத்த அணியின் மற்றப் பத்துப் பேரும் அவனை மறிக்க முழு வேகத்தில் ஓடவேண்டும். அந்தப் பத்துப் பேரை மறிக்க எதிரணியினர் முழு வேகத்தில் எதிரே வருவார்கள். ஐம்பது யார்ட் ஓடி எடுத்த வேகத்தோடு இரண்டு பக்கமும் நடுவில் முட்டிக்கொள்ளும். மைதானத்தின் கடைசி வாங்குப் பலகையில் இருப்பவனுக்கும் அந்தச் சத்தம் கேட்கும். அவனுடைய வேலை, பத்துப் பேரில் முதல் ஆளாக அந்தச் சத்தத்துக்குள் போவது. முட்டி முடிந்ததும் எழுந்து, வெளியே வந்து, அடுத்த கிக்-ஓஃப்வரை வாங்கில் இருப்பான். ஒரு பந்தையாவது அவன் கையால் தொட்டதை நான் பார்த்ததில்லை.

ஹெல்மெட்டின் உட்புறம், நெற்றி படும் பஞ்சுப் பட்டையில் திருநீறு பூசி வைத்திருப்பான். வியர்வையில் அது சாம்பல் நிறக் களியாகி ஒழுகும். உடுப்புச் சாமான்களுக்குப் பொறுப்பான சுவிஸ்காரர் ஒவ்வொரு பருவமும் அதைக் கழுவிக் கழுவி, என்ன பூஞ்சணம் இது என்று திட்டுவார். "இஷ் நூட்," என்பான்.

நான் அங்கே என்ன செய்தேன் என்றால், சங்கிலி பிடித்தேன். அந்த விளையாட்டில் பந்து பத்து யார்ட் நகர்ந்ததா என்று அளக்க, கோட்டோரத்தில் இரண்டு தடிகளுக்கு நடுவே ஒரு சங்கிலி கொண்டு திரிவார்கள். அதற்கு ஆள் கிடைக்கவில்லை. "அண்ணை, நீங்கள் எண்டால் ஒரு சென்டிமீட்டரும் விடமாட்டியள்," என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனான். புகழ்ந்தானா பழித்தானா என்று இன்றுவரை தெரியாது. விதிப்புத்தகத்தை ஒரு கிழமையில் வாசித்து முடித்தேன். நடுவர்களுக்கே சந்தேகம் வந்தால் என்னைத் திரும்பிப் பார்க்கும் நிலை வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த ஞாயிறுகளில் நான் சந்தோசமாக இருந்தேன். அவன் மனைவி ஒரு பெரிய சருவச்சட்டி நிறைய ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொண்டுவருவாள். இரண்டு அணியும் சாப்பிடும்.

அந்த ஆட்டத்திலும் சங்கிலியை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் பாதியின் முதல் கிக்-ஓஃப். அவன் வழமைபோல் எல்லோருக்கும் முன்னால் ஓடினான். நேரே வந்தவனைத் தவிர்க்கச் சற்று விலகினான். பக்கவாட்டிலிருந்து வந்த மற்றவனைக் காணவில்லை. ஹெல்மெட்டோடு ஹெல்மெட். கிடந்தான், பிறகு எழுந்தான். எழுந்து நேராக எதிரணியின் வாங்குக்கு நடந்துபோய், அவர்களுக்கு நடுவில் இடம் ஒதுக்கச் சொல்லி இருந்துகொண்டான். அவர்களும் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார்கள். மைதானம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆட்டம் முடிந்தபின் கேட்டேன். "என்னடாப்பா, கட்சி மாறிட்டியோ?"

"ஒண்டுமில்லை அண்ணை. அங்கதான் தண்ணி கிட்ட இருந்தது."

மனைவி ரோல்ஸ் சட்டியைக் கழுவி மூடிக்கொண்டே சொன்னாள். "இவர் செத்தாலும் எழும்பி இருந்து ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லுவார். நீங்கள் கேட்டு மினக்கெடாதேங்கோ அண்ணை."

திங்கட்கிழமை தொழிற்சாலையில் வாந்தி எடுத்திருக்கிறான். மேற்பார்வையாளர் அதை அப்படியே விடவில்லை; அதே தொழிற்சாலையில் முன்பொருமுறை இவன் பெருவிரலில் உலோகச் சீவல் ஏறியதை ஒட்டுநாடாவால் சுற்றிக்கொண்டு மாலைவரை வேலை செய்து, வரைபடத்தாள் எல்லாம் இரத்தமாக்கியதை அவர் மறந்திருக்கவில்லை. விபத்து அறிவித்தல் செய்தார். மூன்றாம் நாள் காப்புறுதியிடமிருந்து ஒரு வினாப் படிவம் வந்தது. அவன் அதை எடுத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடு, என் கதவைத் தட்டினான்.

"அண்ணை, இதில என்ன எழுதிறது?"

அந்தப் படிவத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன். நாலாம் கேள்வி: வழமைக்கு மாறான ஏதாவது நடந்ததா? வழுக்கல், விழுதல், மோதல் போன்றவை?

"நடந்ததை எழுது தம்பி."

"ஒண்டும் நடக்கேல்லையே. வழமைபோல ஓடினன். வழமைபோல இடிச்சவங்கள்."

"அப்ப அதை எழுது."

பக்கவாட்டில் வந்தவனைக் கண்டாயா, எதிர்பார்த்தாயா என்று ஒரு கேள்வி நான் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ரொட்டிக்குள் கல் இருந்திருக்கும். கேட்கவில்லை. காப்புறுதி பெற்றவரின் பதிலை எவ்விதத்திலும் வழிநடத்தக் கூடாது என்று எங்கள் உள்ளக நடைமுறைக் கையேட்டில் ஒரு பந்தி உண்டு. அந்தப் பந்தியை எழுதியதே நான். நான் அப்போது ஓய்வு பெறவில்லை, அவன் காப்புறுதியும் எங்கள் நிறுவனத்தில் இருந்ததால் இன்னும் கூடுதலாகக் கவனமாயிருந்தேன்.

அவன் என் சாப்பாட்டு மேசையில் இருந்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, நாலாம் கேள்விக்கு நேரே ஜெர்மனில் இரண்டே சொற்கள் எழுதினான். "நிஷ்ட்ஸ் பெசொண்டெரெஸ்." விசேடமாக ஒன்றுமில்லை. அந்த இரண்டாம் சொல்லின் முதல் எழுத்து ஜெர்மன் இலக்கணப்படி பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சின்னதாக எழுதியிருந்தான். பேனையை வாங்கி, அதைத் திருத்திக் கொடுத்தேன்.

அன்று நான் அவனுக்குச் செய்த உதவி அது.

அயலவன் என்பதால் கோப்பை நான் தொடவில்லை. எழுத்தில் அறிவித்து விலகிக்கொண்டேன். அதற்கும் ஒரு நடைமுறை இருக்கிறது. முடிவு வந்தது. மோதல் அந்த விளையாட்டின் வழமையான போக்குக்குள் அடங்கும், வழமைக்கு மாறாக எதுவும் நடக்கவில்லை என்று காப்புறுதி பெற்றவரே கூறியுள்ளார், ஆகவே விபத்தல்ல. ஆட்சேபிக்க முப்பது நாள்.

"முப்பது நாள் இருக்கு தம்பி," என்றேன்.

"விடுங்கோ அண்ணை. தலையிடிதானே. ஒண்டுமில்லை."

இரண்டு கிழமையில் மறுபடி ஹெல்மெட்டைப் போட்டான். நான் மறுபடி சங்கிலியைப் பிடித்தேன். முப்பதாம் நாள் எந்த ஆரவாரமும் இல்லாமல் போனது.

அடுத்த சம்பவத்தை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். சில ஆண்டுகள் கழித்து எங்கள் கட்டடத்துச் சலவை அறையில் யாரோ முறை தவறித் துணி தோய்க்கத் தொடங்கினார்கள். இந்த நாட்டில் யாருக்கு எந்த நாள் சலவை இயந்திரம் என்று ஒரு அட்டவணை சுவரில் தொங்கும். அதை மீறுவது ஏறக்குறையக் குற்றம். என் செவ்வாய்க்கிழமை மூன்று தடவை பறிபோனது. நான் ஒரு அறிவித்தல் தட்டச்சுச் செய்து கதவில் ஒட்டினேன். "வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு" என்று தலைப்புப் போட்டேன். அதில் எனக்கு ஒரு பெருமை. நாலாவது செவ்வாய் என் கூடையோடு கீழே இறங்கினால், அவன் நிற்கிறான். கையில் ஈரத்துணி. இயந்திரத்தின் கதவு திறந்தபடி. என் அறிவித்தலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"என்ன தம்பி, இண்டைக்கு உன்ர நாளோ?"

திரும்பிச் சிரித்தான். "ஒண்டுமில்லை அண்ணை. உது போடுறதோ எடுக்கிறதோ எண்டு பாக்கிறன்."

துணி தோய்க்கப் போட வந்தானா, தோய்த்ததை எடுக்க வந்தானா என்பது அவனுக்குத் தெரியவில்லை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. அறிவித்தலை அன்றே கிழித்துவிட்டேன். கதவில் ஒட்டுநாடாவின் நாலு மூலையும் இன்னும் இருக்கின்றன.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வேலை போனது. மூளையைப் படமெடுத்தார்கள். நரம்பு வைத்தியர் எங்களை இருத்தி வைத்து, திரும்பத் திரும்பப் பட்ட அடிகள் என்றார், இனிக் குறையாது என்றார். மனைவி விடியற்காலை வெதுப்பக வேலைக்குப் போகிறவள். அவள் இல்லாத நேரம் அடுப்பைப் போட்டுவிட்டு மறந்தான். ஒருநாள் செருப்பில்லாமல் ரயில் நிலையம்வரை போய், பொலிஸ்காரர் கூட்டி வந்தார்கள். காப்புறுதி அதை விபத்து என்று ஒப்புக்கொண்டிருந்தால் வீட்டுக்கே ஆள் வந்து பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள வழி இருந்தது. நோய் என்றால் வேறொரு அலுவலகம் தரும் உதவி அரைநாளுக்கும் காணாது. மற்ற வழி, ஊருக்கு வெளியே உள்ள பராமரிப்பு இல்லம். அங்கே அவனுடைய வயதில் ஒருவரும் இல்லை. தமிழ் பேச ஒருவரும் இல்லை.

"எனக்கு அவரை அங்க விட ஏலாது அண்ணை," என்றாள். "உங்களுக்குத் தெரியாத சட்டமோ? ஏதாவது ஒரு ஓட்டை இருக்கும். பாருங்கோ."

அந்த நேரத்தில்தான் அமெரிக்காவில் விதியை மாற்றினார்கள். அங்குள்ள தொழில்முறை அணிகள் பல ஆண்டுகளாகக் கிக்-ஓஃப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கித்தான் வந்தன. உதைக்கும் இடத்தை முன்னுக்கு நகர்த்தினார்கள். கைகோத்து மதில்போல வருவதைத் தடுத்தார்கள். உதைக்கு முன்னரே ஓடி வேகமெடுப்பதை நிறுத்தினார்கள். இப்போது அடியோடு மாற்றிவிட்டார்கள். உதைப்பவன் மட்டும் தூரத்தில் தனியாக நிற்பான். மற்றப் பத்துப் பேரும் எதிரணிக்கு முன்னால், ஐந்து யார்ட் இடைவெளியில் நிற்க வேண்டும். பந்து நிலத்தில் விழும்வரை, அல்லது ஒருவன் அதைத் தொடும்வரை, ஒருவரும் அசையக் கூடாது. ஓட்டமில்லை, அதனால் அந்தச் சத்தமும் இல்லை. காரணத்தையும் ஒளிக்கவில்லை: வீரர்களின் பாதுகாப்பு. முதலில் ஓராண்டுப் பரீட்சார்த்தம், பிறகு நிரந்தரம்.

மாற்றம் பற்றிய செய்தியைக் கண்ட அன்றே நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றினேன். முடிந்த கோப்பைத் திறக்கப் புதிய உண்மை வேண்டும். அதை அறிந்த நாளிலிருந்து தொண்ணூறு நாள். பழைய முடிவிலிருந்து பத்தாண்டு தாண்டக் கூடாது. பத்தாண்டு முடிய ஏழு மாதம் இருந்தது. நான் ஓய்வு பெற்றிருந்தேன், விலகி நிற்க வேண்டியதில்லை. பதினொரு பக்கம் எழுதினேன். விளையாட்டை நடத்துபவர்களே இதை ஆபத்தென்று கைவிட்டபின், அந்த மோதலை வழமை என்று எப்படிச் சொல்லலாம்? பக்கவாட்டு மோதலைப் பற்றிச் சங்கிலி பிடித்தவன் என்ற முறையில் என் சாட்சியத்தையும் இணைத்தேன். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்த அன்று, அவன் மனைவிக்கு முன்னால், வெல்லுவோம் என்றுகூடச் சொன்னேன். அந்தச் சொல்லை நான் அலுவலகத்தில் ஒருநாளும் பாவித்ததில்லை.

பதில் ஒன்றரைப் பக்கம். அவர்களுடைய சமையலறையில் இருந்து அதை அவளுக்குத் தமிழில் சொன்னேன். ஒரு விதி பின்னர் மாற்றப்பட்டது என்பது, முன்னைய விதியின்கீழ் நடந்தது வழமைக்கு மாறானது என்று காட்டாது. மாறாக, மாற்ற வேண்டிய அளவுக்கு அது வழமையாக இருந்தது என்பதையே காட்டுகிறது. சாட்சியம் புதியதல்ல, காலம் கடந்தது. மேலும், பின்னர் யோசித்துச் சொல்லும் விளக்கங்களைவிட, சம்பவம் நடந்த கையோடு கூறிய முதற் கூற்றே கூடிய நம்பகமானது. காப்புறுதி பெற்றவர் அப்போது தம் கைப்படக் கூறியதாவது: விசேடமாக ஒன்றுமில்லை.

முதற் கூற்றுப் பற்றிய அந்த வாக்கியம் எனக்குப் பழக்கமானது. எங்கள் பிரிவுக்காக மாதிரி வாக்கியங்கள் எழுதி வைத்த காலத்தில் அதை எழுதியவன் நான். பல ஆண்டு கழித்தும் ஒரு கால்புள்ளியைக்கூட மாற்றவில்லை. அதன் கீழே எடுத்துக் காட்டியிருந்த அவன் பதிலில் பெரிய எழுத்தும் சரியாக இருந்தது.

அவள் கடிதத்தை வாங்கி மடித்தாள். பிறகு, "அப்ப அமெரிக்காவில மாத்தினது இவருக்கு உதவாதோ?" என்றாள்.

"இனி விளையாடுறவங்களுக்கு உதவும், பிள்ளை."

"இவர் இனி விளையாடப் போறேல்லையே."

நீதிமன்றத்தில் முறையிட முப்பது நாள் இருந்தது. அந்த முப்பது நாளையும் எனக்கு நன்றாகத் தெரியும். அதன் முடிவும் தெரியும். இல்லத்தில் ஒரு அறை காலியானது என்று கடிதம் வந்தபோது, அவள் மறுநாளே கையெழுத்து வைத்தாள். விட்டால் வேறு யாருக்கோ போய்விடும். நான் கடைசியாகப் பார்த்தபோது இங்குள்ள எங்கள் மைதானத்தில் பையன்கள் இன்னும் பழைய மாதிரியே ஓடி முட்டிக்கொண்டிருந்தார்கள். சங்கிலியை வேறு யாரோ பிடிக்கிறார்கள்.

அவன் போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலை, அவள் உடுப்புகளுக்குப் பெயர்த்துண்டு தைத்துக்கொண்டிருந்தாள். இல்லத்தில் எல்லா உடுப்பிலும் பெயர் இருக்க வேண்டும் என்பது விதி. நான் அவனோடு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். ஏழு மணிக்கு அமெரிக்க ஆட்டம் தொடங்கியது. புதிய கிக்-ஓஃப்.

இரண்டு வரிசையும் ஐந்து யார்ட் இடைவெளியில், ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றன. பந்து அவர்கள் தலைக்கு மேலால் போனது. ஒருவரும் அசையவில்லை. அவன் கதிரையில் முன்னுக்கு வந்தான். வலது காலின் பெருவிரல் தரையைக் கிண்டியது.

"ஏன் உவங்கள் நிக்கிறாங்கள்?"

"விதியை மாத்திப்போட்டாங்கள் தம்பி. பந்து விழுமட்டும் ஓடக் கூடாது."

"ஏன்?"

"ஓடி முட்டினா ஆபத்தெண்டு."

 திரையில் ஆட்டம் எங்கோ போய்விட்டது. பிறகு அவன் என் பக்கம் திரும்பினான். பல மாதங்களுக்குப் பிறகு அந்த முகத்தில் ஏதோ தெளிந்ததுபோல் இருந்தது.

"அப்ப ஏதோ நடந்திருக்கு," என்றான். "என்ன அண்ணை? சும்மா மாத்தமாட்டாங்கள். ஆருக்கோ ஏதோ நடந்திருக்கு."

"ஓம்," என்றேன்.

"ஆருக்கு?"

அறைக்குள்ளிருந்து அவள் தையலை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டாள். "என்ன அங்க? என்ன கேக்கிறார்?"

"ஒண்டுமில்லை பிள்ளை," என்றேன்.